ஒன்றாம் நம்பருக்கு இரண்டு சொந்தக்காரிகள்

எனக்கு எழுபத்தாறு வயது. வளர்த்து ஆளாக்கியது ஏழு பேர். நான் பெற்றது நாலு. மற்ற மூன்றும், "கொஞ்சம் பாத்துக்கோ அண்ணி" என்று என் நாத்தனார் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போன பிள்ளைகள். அவள் திரும்பி வரவில்லை. நானும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

ஏழும் ஒரே நேரத்தில் அழுத வீட்டில் குடித்தனம் செய்தவளுக்குச் சத்தம் ஒரு பொருட்டில்லை. சத்தம் நின்றால்தான் என்னவோ ஏதோ என்று எழுந்து பார்ப்பேன்.

அன்றைக்குக் காலையில் சத்தம் நின்றது.

ராயபுரத்தில் எங்கள் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் ஐஸ் பேக்டரி. அங்கே கம்ப்ரசர் ஓடுகிறவரை இங்கே சொம்பில் இருக்கிற தண்ணீர் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடுங்காத தண்ணீரை நான் குடித்ததில்லை. அன்றைக்குக் கரண்ட் ஒரு நொடி போய் வந்தது. தோசைக் கரண்டியும் கையுமாகத் திரும்பிப் பார்க்கிறேன், சொம்புத் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கிறது.

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். ஓடினேன் என்று சொன்னால் என் முட்டி சிரிக்கும். போனேன்.

உள்ளே அமோனியா நெடி, பிசுபிசுத்த உப்புக் காற்று, எல்லாம் வழக்கம்போல. தண்ணீர்ப் பம்பு ஓடுகிறது, காற்றாடி ஓடுகிறது, உப்புத் தண்ணீர்த் தொட்டியைக் கலக்குகிற மோட்டார் ஓடுகிறது. ஐஸைச் செய்யவேண்டிய இரண்டு கம்ப்ரசரும் மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தன. சுவரில் மாட்டிய புதுத் திரையில் இரண்டு இடத்தில் சிவப்பு. அதற்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த இன்ஜினீயர் தினேஷ், கவிழ்த்துப் போட்ட ஐஸ் கேன் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"இன்னா நைனா, நின்னு பூட்சே?"

"கம்யூனிகேஷன் வரலீங்ம்மா. ரெண்டு கம்ப்ரசரும் ஸ்கிரீனுக்குப் பதில் சொல்ல மாட்டேங்குதுங்க."

"பதில் சொல்லாட்டி போவுது. ஓடச் சொல்லு."

"பதில் சொல்லாத மெஷினை ஸ்கிரீன் ஓட்ட விடாதுங்ம்மா. உள்ள இருக்கறது அமோனியா இல்லீங்களா."

மறுநாள் விடிந்தால் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. இரண்டு மாதமாகக் கரையில் கட்டிக்கிடந்த போட்டுகள் அத்தனையும் ஒன்றாகக் கடலுக்குப் போகும். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. தடை முடிந்த முதல் நடைக்கு எந்தப் பேக்டரியில் ஐஸ் ஏற்றுகிறார்களோ, அந்த வருஷம் பூராவும் அங்கேதான் ஏற்றுவார்கள். அன்றைக்குப் பொழுது சாய ஐஸ் கொடுக்க முடியாவிட்டால் அடுத்த தடைக்காலம்வரை நாங்கள் சொந்த உபயோகத்துக்கு மோர் குளிரவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

திரை வந்த கதை

போன வாரம் பத்திரிகையில் நான் சொல்லி வந்ததைப் படித்துவிட்டு ஒருவர், "எழுதப் படிக்கத் தெரியாத பெண்மணி எப்படிப் பேக்டரி நடத்தினார்?" என்று கேட்டிருக்கிறாராம். நியாயமான கேள்வி. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நடத்திய பேக்டரிகள் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன என்று திருவொற்றியூரிலிருந்து எண்ணூர்வரை ஒருமுறை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்வரச் சொல்லுங்கள். அதற்கப்புறம் பேசலாம்.

எங்கள் பேக்டரியில் கிழக்கே இருக்கிற கம்ப்ரசர் என் வீட்டுக்காரர் வாங்கிப் போட்டது. மேற்கே இருப்பது அவருடைய தம்பி வாங்கிப் போட்டது. அண்ணனும் தம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கிழக்கு எனக்கு, மேற்கு தம்பி பெண்டாட்டி கன்னியம்மாவுக்கு. என் ஓர்ப்படி. பங்கு சரிபாதி. பேச்சில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் கூடுதல்.

கரண்ட் பில் கழுத்தை நெரிக்கிறது என்று கன்னியம்மாவின் மகன் செல்வம்தான் இந்த டிரைவ் சமாசாரத்தைக் கொண்டுவந்தான். மணலியில் எவனோ தோஸ்து சொன்னானாம். மோட்டாருக்கு எவ்வளவு வேகம் தேவையோ அவ்வளவுக்கு மட்டும் கரண்டை அளந்து ஊட்டுகிற பெட்டி. மோட்டாருக்கு ஒரு பெட்டி வீதம் ஐந்து பெட்டி வந்தது. அதோடு நின்றிருந்தால் நிம்மதி. ஐந்து பெட்டியும் ஒரு திரையோடு பேசவேண்டும், திரை செல்வத்தின் செல்போனோடு பேசவேண்டும், அவன் தண்டையார்பேட்டை டீக்கடையில் உட்கார்ந்தபடி பேக்டரியைப் பார்க்கவேண்டும். நேரில் வந்து பார்த்தால் கண் கெட்டுவிடும் பாருங்கள்.

அந்தக் காலத்திலும் எங்களுக்குக் கம்யூனிகேஷன் இருந்தது. கம்ப்ரசர் ரூமில் இருப்பவர் சுவரோடு போகிற இரும்புப் பைப்பில் ஸ்பேனரால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் கேனைத் தூக்கு. இரண்டு என்றால் நிறுத்து. விடாமல் தட்டினால் டீ வேண்டும். ஒருநாளும் அது சிவப்பாகவில்லை. அந்தப் பைப்பையும் பழைய ஸ்டார்ட்டர் பெட்டிகளையும் செல்வம் காயலான் கடையில் போட்டுவிட்டான். முன்னேற்றம் என்றால் முதலில் பழசை எடைக்குப் போட்டுவிட வேண்டும், புதுசு ஓடுகிறதா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒருவர் கேட்க, ஒருவர் சொல்ல

தினேஷ் நல்ல பிள்ளை. கோயம்புத்தூர்க்காரர்கள் மாதிரி வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. நாங்கள் அவரை "யோவ்" என்று கூப்பிட்டாலும் அவர் எங்களை "சொல்லுங்ம்மா" என்பார். ஒயரை இழுத்து முடித்த அன்று எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"அஞ்சு பெட்டிக்கும் ஒரே ஒயருங்ம்மா. ரெண்டு இழை, முறுக்கி இருக்கும். இந்தப் பெட்டியில இருந்து அடுத்ததுக்கு, அதுல இருந்து அதுக்கடுத்ததுக்கு, வரிசையாப் போகும். ஸ்கிரீன் மட்டுந்தான் கேள்வி கேக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர். யார் நம்பரைக் கூப்பிடுதோ அவங்க மட்டும் பதில் சொல்லோணும். மத்தவங்க வாயைத் தொறக்கக் கூடாதுங்க."

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். நான் கன்னியம்மாவைப் பார்த்தேன்.

"ஒர்த்தர் பேசசொல்லோ மத்தவங்க கம்முனு கீறதா?" என்றாள் அவள். "இது எந்த ஊர்லபா நடக்கும்?"

"அவுங்க ஊர்ல நடக்கும்டி," என்றேன்.

நானும் அவளும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்தது அதற்கு முன்னால் எப்போது என்று எனக்கு ஞாபகம் இல்லை. தினேஷ் பாவம், தானும் சிரித்தார். எங்களைப் பற்றி அவருக்கு அப்போது தெரியாது.

ஒன்று என்றால் சும்மாவா

ஒயர் கிழக்கிலிருந்து தொடங்கியது. அதனால் அவர் பாட்டுக்கு என் கம்ப்ரசருக்கு ஒன்று, கன்னியம்மாவினுடையதற்கு இரண்டு, பம்புக்கு மூன்று என்று போட்டுக்கொண்டே போய்விட்டார். எனக்கு எழுத்து வராதே தவிர, எண் வரும். பஸ் போர்டு படித்தே பழகியது. திரையில் என் மெஷினுக்குப் பக்கத்தில் ஒன்று என்று இருந்ததைப் பார்த்தேன். மத்தியானம் அந்தப் பிள்ளைக்கு வஞ்சிரத்தில் நடுத்துண்டாக இரண்டு வைத்து அனுப்பினேன். அவ்வளவுதான்.

கன்னியம்மா மாலையில் பார்த்தாள்.

"இன்னாபா இது, எங்க மெஷினு ரெண்டாவதா?"

"அது வெறும் நம்பருங்ம்மா. கதவு நம்பர் மாதிரி."

"வெறும் நம்பருதான? அப்ப எனுக்கு ஒண்ணு குடு."

"வெறும் நம்பருதானே கன்னிமா," என்றேன் நான், ரொம்பப் பொறுமையாக. "இருந்துட்டுப் போவட்டுமே."

இதெல்லாம் ஒரு சண்டையா என்று நீங்கள் நினைக்கலாம். செல்வத்தின் கல்யாணப் பத்திரிகையில் என் பேர் முதலில் வந்துவிட்டது என்று அடித்த பத்திரிகை அத்தனையையும் திரும்ப அடிக்கவைத்தவள் அவள். இரண்டு பேரையும் ஒரே வரியில் போடுங்கள் என்று பெரியவர்கள் தீர்ப்பு சொன்னார்கள். அப்புறம் அந்த வரியில் யார் இடது, யார் வலது என்று இன்னொரு முறை அடித்தார்கள். யானைக்கவுனி அச்சுக்கடைக்காரர் கடைசியில், "நீங்களே வந்து எழுத்தைக் கோத்துக்கங்கம்மா" என்று கும்பிடு போட்டார்.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போதும் இதே கூத்து. முதல் கரண்டியை எந்த வீடு ஊற்றுவது? கடைசியில் எங்கள் மாமனார் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு அண்டா, இரண்டு கரண்டி, மணி அடித்ததும் இரண்டு மருமகளும் ஒரே நொடியில் ஊற்றவேண்டும். இரண்டு பேரும் முதல். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த வழக்கும் இப்படித்தான் தீரும். ஒன்றாம் இடம் ஒன்றுதான் என்கிற சட்டம் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை.

அதனால் தினேஷ் லாட்ஜுக்குப் போனதும் செல்வம் மேற்குப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றான். அதில் நாலைந்து பட்டன் உண்டு. அவர் நம்பர் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தான்.

"பெரிம்மாவும் ஒண்ணு. அம்மாவும் ஒண்ணு. பஞ்சாயத்து முடிஞ்சுது. போய் சாப்புடுங்க."

டொக், டொக் என்று அழுத்தினான். கம்ப்ரசர் நிற்கவில்லை, திரையும் மாறவில்லை. எங்கள் எல்லோருக்கும் திருப்தி. கன்னியம்மா அன்றைக்கு எனக்கு நெத்திலிக் குழம்பு கொடுத்தனுப்பினாள். உப்பு தூக்கல், இருந்தாலும் சாப்பிட்டேன்.

அந்தப் பெட்டிக்கு ஒரு குணம். புது நம்பரைக் கொடுத்தால் உடனே ஏற்காதாம். ஒருமுறை கரண்ட் போய் வந்த பிறகுதான் ஏற்குமாம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

யாரும் தொடவில்லை

மறுநாள் காலைக்கு இப்போது திரும்பி வருவோம்.

தினேஷ் எழுந்து நின்று எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். "நேத்து நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சுங்க. யாராச்சும் எதையாச்சும் தொட்டீங்களா?"

"யாரும் தொடல," என்றேன்.

"யாரும் தொடல," என்றாள் கன்னியம்மா.

"எதுக்குபா தொடப் போறோம்?" என்றான் செல்வம்.

எங்களுக்குள் ஆயிரம் இருக்கும். வெளியாள் வந்து கேட்டால் ஒரே குரல்தான். கேள்வி கேட்டவுடன் மூன்று பேரும் சேர்ந்து பதில் சொன்னோம், ஒரு பதில்கூட அவருக்குப் பிரயோஜனப்படவில்லை.

அவர் வேலையை ஆரம்பித்தார். ஒயர் முனைகளில் உப்புக்காற்றுக்குப் பச்சை பூத்திருந்ததைத் தேய்த்தார். இரண்டு இழையையும் இடம் மாற்றி மாட்டிப் பார்த்து, மறுபடி பழையபடியே மாட்டினார். மோட்டார் கேபிளுக்குப் பக்கத்தில் போனால் இரைச்சல் ஏறும் என்று ஒயரைத் தள்ளிக் கட்டினார். வரிசையின் கடைசியில் அரிசி அளவுக்கு என்னவோ ஒன்றை மாட்டியிருந்தார், அதைக் கழற்றி ஊதி மறுபடி மாட்டினார். பிறகு ஆபீசுக்குப் போன் போட்டார். அவர்கள், லேப்டாப்பை அணைத்துவிட்டுப் போடச் சொன்னார்கள். எல்லா ஊரிலும் எல்லா வியாதிக்கும் இதுதான் கஷாயம் போலிருக்கிறது.

இதற்குள் ஏசுபாதம் வந்துவிட்டார். போட்டுக்காரர். அவர் எங்கே ஐஸ் ஏற்றுகிறாரோ, அவருடைய சித்தப்பன் மகன், மாமன் மகன் போட்டெல்லாம் அங்கேதான் வரும். தொட்டியிலிருந்து ஒரு கேனைத் தூக்கிக் காட்டச் சொன்னார். ஒரு கேனில் உறைகிற கட்டிக்குப் பார் என்று பேர். ஓரமெல்லாம் வெள்ளையாகக் கட்டியிருந்தது, நடுவில் கிணறு மாதிரித் தண்ணீர். விரலை விட்டுப் பார்த்தார்.

"இன்னாக்கா, ஐஸ் குடுப்பேன்னு பாத்தா சர்பத் குடுக்கறே?"

"மெஷினு இப்ப ஓடிரும்பா."

"உச்சிக்குள்ள ஓடினா சரி. பொழுது சாய ஐஸ் பாரு கட்டினுடும். இல்லாங்காட்டி நான் எண்ணூர் பக்கம் சொல்லிடுவேன். அப்பால என்னிய கோச்சுக்காத. புள்ளைங்க ரெண்டு மாசமா கடலுக்குப் போவாம குந்திகினு கீது."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது. அவர் இடத்தில் நானாக இருந்தால் அப்போதே கிளம்பியிருப்பேன்.

கடைசியில் தினேஷ் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒயரைப் பிடுங்கிப் பார்க்க ஆரம்பித்தார். மேற்குப் பெட்டியில் பிடுங்கியதும் திரையில் கிழக்குக் கம்ப்ரசர் பச்சையாகிவிட்டது.

"பாத்தியா," என்றேன். "கோளாறு எங்க கீதுன்னு கடவுளுக்கே தெரியுது."

கன்னியம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது கொஞ்சம்தான். ஏனென்றால் தினேஷ் மேற்கை மாட்டிவிட்டுக் கிழக்கைப் பிடுங்கினார். மறுபடியும் கிழக்கு பச்சை! பிடுங்கிய கிழக்கு ஒயர் அவர் கையில் தொங்குகிறது, திரை "கிழக்கு நலம்" என்கிறது.

அவர் ஒயரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மெதுவாக மேற்குப் பெட்டிக்குப் போய் இரண்டு பட்டனை அழுத்திப் பார்த்தார். திரும்பினார்.

"ஏனுங்ம்மா, இதுக்கு யாருங்க ஒண்ணாம் நம்பர் போட்டது?"

செல்வத்துக்குத் திடீரென்று செல்போனில் அவசர வேலை வந்துவிட்டது.

"ஒண்ணுன்னு கூப்புட்டா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசறாங்க. ஸ்கிரீனுக்கு ரெண்டு பேச்சும் புரியலீங்க. ரெண்டுன்னு கூப்புட்டா பதில் சொல்ல ஆளே இல்லீங்க."

கூழில் சரியாக நடந்தது. ஒயரில் நடக்கவில்லை.

கடைசிப் பந்தி

"யாராச்சும் ஒருத்தரு மாறியே ஆகோணும்ங்க," என்றார் தினேஷ்.

ஏசுபாதம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அக்கா பெரியவங்க. உட்டுக் குடுப்பாங்க," என்றாள் கன்னியம்மா.

"நான் பெரியவளுன்னு இன்னிக்குத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

நான் இதைச் சொன்னதும் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"போர்டுல உன் வூட்டுக்காரு பேரு. பில்லுல உன் பேரு. ரோட்ல போறவன்லாம் அஞ்சலை பேக்டரின்றான். என் புருசனும்தான் இங்க ஐஸ் பாரு தூக்கித் தோளு கீஞ்சிகினு செத்தாரு. சொவுத்துல ஒரு பொட்டி, அதுக்குள்ளாற ஒரு நம்பரு. எவன் பாக்கப் போறான்? அதுகூட எனுக்கு இல்லியாக்கா?"

அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் அழுகைக்கு என்னிடம் எப்போதும் பதில் உண்டு. அவள் சொன்னது உண்மை என்பதால் எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

"தம்பி," என்றேன் தினேஷிடம். "கடைசி நம்பரு எது?"

"அஞ்சுங்ம்மா."

"எனுக்கு ஆறு போடு."

கன்னியம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் சும்மா எதையும் கொடுப்பவள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். "இன்னாத்துக்கு ஆறு? ரெண்டு காலியாத்தான கீது?"

"நீ ஒண்ண வச்சிக்க கன்னிமா. சோக்கா வச்சிக்க."

தினேஷ் கிழக்குப் பெட்டியில் ஆறு போட்டு, அணைத்து, மறுபடி போட்டார். லேப்டாப்பில் கிழக்கு ஆறு, மேற்கு ஒன்று என்று திரைக்கும் சொல்லிக்கொடுத்தார். திரையில் இரண்டு சிவப்பும் பச்சையாயின. இனி ஓட்டவேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் சொன்னேன்.

"விருந்துல மொத பந்தி யாருக்கு? வந்தவங்களுக்கு. வூட்டுக்காரி கடைசிப் பந்தியிலதான் குந்துவா."

அது அவளுக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியது முகத்தில் தெரிந்தது.

"அப்ப நான் விருந்தாளியா? யோவ் தம்பி, நிறுத்துய்யா! எனுக்கு ஏழு போடு! ஏழு போடுன்றேன் இல்ல?"

தினேஷ் திரையைத் தொட்டார். இரண்டு கம்ப்ரசரும் ஒன்றாக எழுந்தன. அந்தச் சத்தத்தில் கன்னியம்மாவின் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. அவள் வாயைப் பார்த்து எட்டு, ஒன்பதுவரை போய்விட்டாள் என்று ஊகித்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஏசுபாதம் ஒரு பாரைத் தட்டிப் பார்த்தார். "கொஞ்சம் இளசா கீது," என்றார். ஆனால் ஏற்றினார். அவருக்குப் பின்னால் அவருடைய சித்தப்பன், மாமன் வகையறா எல்லாரும் ஏற்றினார்கள். நொறுக்கிய ஐஸ் தள்ளுவண்டி தள்ளுவண்டியாகக் காசிமேட்டுக்குப் போனது. ரோடு பூராவும் ஈரம்.

நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கன்னியம்மா மட்டும் இன்றைக்கும் யார் வந்தாலும் திரைக்கு முன்னால் கூட்டிப்போய், "இத்தப் பாரு, எங்க மெஷினுதான் நம்பர் ஒண்ணு" என்று காட்டுகிறாள். அவர்கள் போனதும் தினேஷுக்குப் போன் போட்டு ஏழு கேட்கிறாள். தினேஷ் இப்போதெல்லாம் எங்கள் நம்பரைப் பார்த்தால் போனை எடுப்பதில்லை. நல்ல பிள்ளை, சீக்கிரம் தேறிவிட்டார்.

இவ்வளவும் நான் சொல்லச் சொல்ல எழுதியவள் பவானி. செல்வத்தின் மகள். எனக்கும் பேத்திதான், ஆனால் கன்னியம்மாவுக்குச் சொந்தப் பேத்தி. குழம்பு உப்பு தூக்கல் என்று சொன்ன இடத்தில் பேனா நின்றது. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பவானி, பேனாவைக் கீழ வை. மொதல்லேர்ந்து படி, கண்ணு. உன் கன்னிமா ஆயா சொன்னத இல்ல, நான் சொன்னத.